போகும்போது உருகி, வரும்போது உருகாத மெழுகு

நான் வேலையிலிருந்து ஒதுங்கிய பிறகு, கராஜில் என் பெயரில் கிடந்த அலுமாரியை இப்போது அங்கே வேலை செய்கிற தம்பிமார் துப்புரவாக்கியிருக்கிறார்கள். ஸ்பானர், பழைய கேஸ்கட், உடைந்த மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மெழுகுதிரித் துண்டு கிடந்ததாம். கோயிலில் கொளுத்துகிற வெள்ளை மெழுகுதிரி. உடனே எனக்குத் தொலைபேசி.

"அண்ணை, நீங்கள் திருக்கேதீஸ்வரத்தில பிரதட்டை உருளுற ஆள். மாதா கோயில் மெழுகுதிரிக்கு உங்கட அலுமாரிக்குள்ள என்ன வேலை? ஒருத்தருக்கும் சொல்லாமல் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டியளோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. அது சூடு அளக்கிற சாமான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அவர்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. எதை நோக்கிப் பிடித்தாலும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து சூட்டின் அளவு காட்டும். நல்ல சாமான், நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சோற்றுப் பானைக்கும் நாய்க்கும் பிடித்துப் பார்த்து மனைவியிடம் பேச்சும் வாங்கியாயிற்று. அதைவிட மெழுகுதிரி திறம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மெழுகுதிரி ஒரு காரில் கண்டுபிடித்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் தொலைபேசியில் முடியாது. எழுதித் தாருங்கோ என்றார்கள். எழுதுகிறேன்.

என் ஊர் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்பக்கம். உழவு இயந்திரத்திலும் தண்ணீர் இறைக்கிற மெஷினிலும் கை பழகியவன். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடினோம். ஓடிய இடமெல்லாம் ஏதோ ஒரு எஞ்சின் பழுதாகிக் கிடந்தது. பெற்றோல் இல்லாத நாட்களில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் நானும் ஒருவன். எல்லாம் ஓய்ந்து, சனம் தகரமும் தறப்பாளும் கட்டித் திரும்பிக் குடியேறிய நேரம் நான் சவிரியான் அண்ணையின் கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தரைப்பகுதியில், வீதியோரமாக ஒரு தகரக் கொட்டகை. அப்போதே எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

சவிரியான் அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கராஜில் வெள்ளைச் சேட் போடுகிற ஒரே மனிதர். அதில் எண்ணெய் படுவதும் இல்லை, அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு வாகனம் வந்தால் எஞ்சினை மூடுகிற பொனற்றைத் திறக்கவே விட மாட்டார். முதலில் சொந்தக்காரரை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். வாடிக்கைக்காரர் எல்லோரும் "நீங்கள்". நாங்கள் எல்லோரும் "எருமை". நான் ஒருநாள் "பம்ப் பிழையெண்டு நினைக்கிறன் அண்ணை" என்று சொல்லிவிட்டேன். "நினைக்கிறதெண்டா கோயிலுக்குப் போய் இருந்து நினை. இஞ்ச பாத்துச் சொல்லு" என்றார். வேலையில் நான் உருப்பட்டது அந்த ஒரு ஏச்சினால்தான்.

அவரிடம் பீற்றரின் கார் வந்தது ஒரு சோளகக் காலத்தில். சோளகம் என்பது எங்கள் கரையில் வருடத்தின் நடுவில் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கிற காற்று. வேட்டி கட்டியவன் ஒரு கையை அதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

பீற்றர் வங்காலையில் கடற்தொழில் செய்கிறவர். ஊர் திரும்பியதும் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு வானின் டீசல் எஞ்சினை டேர்போவோடு இறக்கிப் பூட்டியிருந்தார். ஐஸ் கரைய முதல் நண்டையும் மீனையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. வீட்டு முற்றத்தில் சங்கிலியும் கப்பியும் போட்டு, படகு எஞ்சின் இறக்குவதுபோல இறக்கியிருக்கிறார். இறக்கிய விதத்தைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆச்சரியம்.

டேர்போ என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சின் தானாக மூச்சிழுப்பது போதாதென்று, காற்றை இறுக்கி உள்ளே தள்ளுகிற ஒரு சுழலி அது. ஆனால் காற்றை இறுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து ஐதாகிவிடும். ஐதான காற்றில் டீசல் சரியாக எரியாது. எஞ்சின் இழுவை விட்டுக் கறுப்புப் புகை கக்கும். அதனால்தான் இறுக்கிய காற்றை ஆறவிட, இன்டர்கூலர் என்று ஒன்றைக் காரின் மூஞ்சியில், ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பார்கள். மெல்லிய தகடுகளால் ஆன சட்டம். கார் ஓடும்போது வெளிக்காற்று அந்தத் தகடுகளுக்கிடையால் புகுந்து சூட்டை எடுத்துப் போகும். பீற்றர் ஒரு லொறியிலிருந்து கழற்றிய இன்டர்கூலரைப் பூட்டியிருந்தார்.

நண்டோடு ஓடிய காலத்தில் மன்னாரும் வங்காலையுமாகக் கிட்டடி ஓட்டந்தான். கார் ஒரு குறையும் காட்டவில்லை. பிறகு அவருடைய மனைவி றீற்றாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. கிழமையில் இரண்டு தரம் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மெஷினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பஸ்சில் அவ்வளவு தூரம் இருக்க அவவால் இயலாது. அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. கார் என்ன செய்தது? விடத்தல்தீவு வரைக்கும் ஒழுங்காகப் போகும். பிறகு இழுவை விழும், புகை கறுக்கும், சூட்டு ஊசி சிவப்புக்கு ஏறும். வெட்டவெளியில் நிறுத்தி, ஆறவிட்டு, திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தி... போய்ச் சேரும்போது மெஷின் அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். அப்படி ஒரு தவணை தவறி, அவ மூச்செடுக்க ஏலாமல் விடியும்வரை குந்தியிருந்தாவாம்.

"இன்னொருக்கா பிந்தினா அவ தாங்க மாட்டா அண்ணை" என்றார் பீற்றர். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சவிரியான் அண்ணை வழமைபோலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். குழாய்களில் காற்று ஒழுகுகிறதா என்று சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தோம், ஒழுகவில்லை. புகைக் குழாய்க்குப் பக்கத்தால் காற்றுக் குழாய் போனதால், நடுவில் ஒரு தகரம் மறைத்து, புகைக் குழாய்க்குச் சூடு தாங்கும் நாடா சுற்றினோம். எஞ்சினுக்குப் பின்னாலிருந்து சுடுகாற்றைக் குடித்துக்கொண்டிருந்த காற்று வடிகட்டியை மட்கார்ட்டுக்குள் மாற்றி, வெளிக்காற்றைக் குடிக்க விட்டோம். கிரில்லுக்குள்ளால் இன்டர்கூலரையும் எட்டிப் பார்த்தோம். கறுப்பாக, மினுமினுவென்று புதிதுபோல இருந்தது. லொறிக்காரன் அடித்த பெயின்ற் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த பயணத்தில் கார் பூநகரிக்குக் கிட்டவரை போய்த்தான் நின்றது. முன்னேற்றம் என்றால் முன்னேற்றந்தான். ஆனால் பீற்றர் சொன்ன இன்னொரு விஷயம் எங்களைக் குழப்பியது.

"போகேக்கதான் அண்ணை இந்த ஆட்டம். வரேக்க ஒரு சத்தமில்ல. ஊசி அசையாது. எங்கட சனம் சொல்லுது, காருக்கு ஆஸ்பத்திரி பிடிக்கேல்லையாம்."

"காருக்கு ஆஸ்பத்திரி எண்டு தெரியாது பீற்றர்" என்றார் சவிரியான் அண்ணை. ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். எனக்கும் உள்ளுக்குள் அரித்தது. போவது வெய்யில் ஏற முதல். வருவது நடுமத்தியான வெய்யிலில். எந்த எஞ்சினும் வரும்போதுதான் கொதிக்க வேண்டும். இது தலைகீழாக நடக்கிறதே!

"நாளைக்கு நாங்களும் வாறம்" என்றார்.

அன்று காலையில்தான் அவருடைய மெழுகு வேலையை நான் முதன்முதல் பார்த்தேன். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, காற்றுக் குழாய் வழியே இடைவிட்டு இடைவிட்டுச் சொட்டு வைத்தார். இன்டர்கூலருக்குள் போக முதல் சில சொட்டு, வெளியே வந்த பிறகு சில சொட்டு, எஞ்சின் வாயடியில் ஒன்று. ஒவ்வொன்றும் பொத்தான் அளவு. போக முதல் உள்ளவை உருகத்தான் செய்யும். வந்த பிறகு உள்ளவை உருகாமல் நின்றால் இன்டர்கூலர் தன் வேலையைச் செய்கிறது. உருகினால் செய்யவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

பீற்றர் ஓட்ட, சவிரியான் அண்ணை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, நானும் றீற்றாவும் பின்னால். அவவுக்குக் கால் இரண்டும் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. ஆனால் வாய்க்கு ஒரு நோயும் இல்லை.

"உங்கட முதலாளி நித்திரையோ, செபமோ?" என்று என்னிடம் கேட்டா.

"கேக்கிறார் தங்கச்சி, எஞ்சினை."

"என்ர மனுசனுக்கும் உதைப் பழக்கிவிடுங்கோ. நான் கதைக்கேக்க இப்படிக் கேக்கட்டும்."

ஆமிச் சோதனைச் சாவடியில் பொனற்றைத் திறக்கச் சொன்னார்கள். குழாய் நிறைய வெள்ளை வெள்ளையாகச் சொட்டு. ஒரு இளம் ஆமிக்காரன் விரலால் தொட்டு, "மே மொகத?" என்று இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். சவிரியான் அண்ணை அசையாமல் "இட்டிபந்தம் மாத்தயா" என்றார், மெழுகுதிரி ஐயா என்று. அவன் பின்னால் இருந்த றீற்றாவைப் பார்த்தான், அவவின் காலைப் பார்த்தான், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பொனற்றை மெதுவாக மூடி, நெஞ்சில் கைவைத்து, போகச் சொல்லிவிட்டான்.

பூநகரிக்கு முன்னால் இழுவை விழுந்தது. நிறுத்திப் பார்த்தால் ஒரு சொட்டும் மிச்சமில்லை. எல்லாம் உருகி, குழாயில் எண்ணெய்க் கோடாக வழிந்திருந்தது. இன்டர்கூலர் சும்மா கிடக்கிறது. அப்படியானால் வரும்போது மட்டும் எப்படி வேலை செய்கிறது? ஆறவிட்டு ஓட்டி, மெஷின் கைமாற முதல் ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். பீற்றரின் சேட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

திரும்பி வரும்போது சொட்டுவைக்கத் தேடினால், டாஷ்போர்டில் வைத்த மெழுகுதிரி வெய்யிலில் இளகி, மடங்கி, கறுத்த தூசி பிடித்துக் கிடந்தது. மெஷினிலிருந்து இறங்கி வந்த றீற்றா, வெளிறிப்போயிருந்தும், கைப்பையைத் திறந்து ஒரு புது மெழுகுதிரியை நீட்டினா.

"இது நேத்தியெல்லோ பிள்ளை?" என்றார் சவிரியான் அண்ணை.

"ஓம். பிந்தாமல் போய்ச் சேந்தா மாதாவுக்குக் கொளுத்துறன் எண்டு வைச்சிருக்கிறன். நீங்கள் எடுங்கோ. அவ கோவிக்க மாட்டா. அவவுக்கும் ஏனெண்டு அறிய ஆசையாத்தான் இருக்கும்."

சொட்டு வைத்து, நடு வெய்யிலில் வங்காலை வரைக்கும் வந்தோம். இன்டர்கூலரைத் தாண்டிய பக்கத்தில் ஒரு சொட்டும் உருகவில்லை. அதே கார், அதே பாதை, அதே நான்கு பேர். சவிரியான் அண்ணை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "நினைக்கிறன்" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரப் பார்த்து, திரும்ப உள்ளே போனதை நான் கண்டேன்.

றீற்றா கதவைத் திறந்து இறங்கியபடி முடியைக் கோதினா. "பாருங்கோ என்ர கோலத்தை. போகேக்க யன்னலைத் திறந்தாலும் ஒரு பொட்டுக் காத்து வராது, அவிஞ்சு போறன். வரேக்க தலை பேய்மாதிரி ஆகுது" என்றா.

சவிரியான் அண்ணை திரும்பினார். "என்ன சொன்னனீங்கள்?"

அவ திரும்பச் சொன்னா. அவர் வீதிக்கு வந்து நின்று பனைகளைப் பார்த்தார். ஓலை எல்லாம் ஒரே பக்கம், வடகிழக்கு நோக்கிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம் போகிற பக்கம்.

"சோளகம்!" என்றார் பீற்றர். "போகேக்க பின்னால நிக்குது. ஐயோ அண்ணை, நான் அது நல்லதெண்டெல்லோ இருந்தனான்! பின்னால காத்தெண்டா படகு சும்மா பறக்கும்."

கடல்காரனுக்குப் பின்காற்று வரம். அதில் குற்றம் காண அவருக்கு எப்படி வரும்? வயல்காரன் எனக்கும் வரவில்லை. காற்று காரோடு சேர்ந்து ஓடினால் மூஞ்சியில் மோத என்ன இருக்கிறது? எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, கையைத் தட்டிவிட்டேன்.

"பொறு எருமை" என்றார் சவிரியான் அண்ணை. "காத்து பின்னால நிண்டாலும் கார் அதைவிட வேகமா ஓடுது. கொஞ்சமாவது உள்ளுக்கு வரவேணும். நல்ல இன்டர்கூலருக்கு அது காணும். இதுக்கு ஏன் காணாது? மூஞ்சியைக் கழட்டு."

கராஜுக்குக் கொண்டுவந்து கிரில்லையும் பம்பரையும் கழற்றினோம். இன்டர்கூலரை வெளியே எடுத்து நிமிர்த்தி, பின்பக்கம் ஒரு மின்குமிழைப் பிடிக்கச் சொன்னார். நல்லதென்றால் தகடுகளுக்கிடையால் வெளிச்சம் அரிதட்டில் தெரிவதுபோலத் தெரியும். நான் முன்னால் குனிந்து பார்த்தேன். இருட்டு. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். விரலை வைத்து அழுத்தினால் விரல் வழுக்கியது. பெயின்ற் இல்லை, கிறீஸ்.

"இதை ஆர் பூசினது?"

"நான்தான்" என்றார் பீற்றர். "ஒவ்வொரு சனிக்கிழமையும் பூசுவன். உப்புக்காத்து முகத்தில அடிக்கிற இரும்பெல்லோ? பூசாட்டித் தின்டுடும்."

எங்கள் கரையில் எல்லோரும் செய்கிற வேலைதான். படகு எஞ்சினிலிருந்து கேற்றுப் பிணைச்சல் வரை, காற்றுப் பக்கம் பார்க்கிற எதற்கும் கிறீஸ் பூசுவார்கள். பூசாதவனைத்தான் சோம்பேறி என்பார்கள். றீற்றாவுக்கு நோய் வந்த பிறகு அவர் அதை இன்னும் தடிப்பாகப் பூசியிருக்கிறார். வீதிப் புழுதியும் உப்பும் அதில் ஒட்டி, துணியால் துடைத்து மினுக்க மினுக்க, தகடுகளின் மூச்சு அடைபட்டுப்போயிற்று. எதிர்க்காற்று பலமாக மோதினால் மிச்ச ஓட்டைகளால் போதுமான அளவு புகும். பின்காற்றில் மோதுகிற கொஞ்சக் காற்று உள்ளே புகாது, பின்னால் இருக்கிற ரேடியேட்டரும் ஆறாது. மனுசியைக் காப்பாற்ற அவர் செய்த வேலைதான் அவவை வழியில் மறித்திருக்கிறது. பீற்றருக்கும் அது விளங்கிவிட்டது. கிறீஸ் பிடித்த விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அவரைப் பார்க்க ஏலவில்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தகட்டின் போக்கிலேயே தூரிகை விட்டு, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பின்பக்கமிருந்து காற்றடித்தோம். முன்பக்கத்தால் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். வளைந்த தகடுகளைச் சீப்பால் நிமிர்த்தினோம். குமிழைப் பிடித்தால் இப்போது முழுச் சட்டமும் பளிச்சென்றது. பூட்டும்போது அதன் நான்கு பக்க இடைவெளியையும் தகரத்தாலும் ரியூப் றப்பராலும் அடைத்தார் அண்ணை. "காத்து எங்களைமாதிரித்தான். லேசான வழியைக் கண்டா அதாலதான் போகும்" என்றார்.

"உப்புத் தின்னாதோ அண்ணை?" என்று பீற்றர் மெல்லக் கேட்டார்.

"தின்னட்டும். நல்ல தண்ணியால கழுவுங்கோ. உப்புத் தின்ன வருசக்கணக்காகும், தின்டா வேற வாங்கலாம்."

"அப்ப சனிக்கிழமையில நான் என்ன செய்யிறது?"

கேள்வி எங்களிடம் கேட்டதுதான். பதில், வீட்டில் இருக்க மாட்டேன் என்று கூடவே வந்து கராஜ் கதிரையில் இருந்த றீற்றாவிடமிருந்து வந்தது.

"இஞ்சாருங்கோப்பா. என்ர கால் ரெண்டும் வீங்கிக் கிடக்குது. அதுக்கு நல்லெண்ணெய் பூசி அமத்திவிடுங்கோ. காரைத் தடவினது காணும்."

அடுத்த பயணம் அதே சோளகம் பின்னால் நிற்க. றீற்றாவின் மெழுகுதிரியிலேயே சொட்டு வைத்தோம். விடத்தல்தீவு போனது, இலுப்பைக்கடவை போனது, பூநகரி போனது. ஊசி ஏறவில்லை. சங்குப்பிட்டிப் பாலத்தில் பீற்றர் என்னைத் திரும்பிப் பார்த்தார். றீற்றா என் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நித்திரை. ஆஸ்பத்திரி வளவில் பொனற்றைத் திறந்தால் இன்டர்கூலரைத் தாண்டிய சொட்டுகள் வைத்தபடி இருந்தன. நேரம் தாராளமாக மிச்சம். அவவை வெளியே கிடந்த நீட்டு வாங்கில் இருத்தி, பீற்றர் நிலத்தில் குந்தியிருந்து, சனம் போய்வர, அவவின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார். மிச்ச மெழுகுதிரியை அவ என்னிடமே தந்தா. "மாதாவுக்கு வேறை வாங்கிக் கொளுத்துறன். இது உங்களுக்கு வேலைக்கு உதவும்" என்றா. அதுதான் அலுமாரியில் கிடந்தது.

அதன்பிறகு அந்தக் கார் அவவை வழியில் விட்டதே இல்லை. வருடங்கள் ஓடின. கழுவவும் எண்ணெய் மாற்றவும் பீற்றர் வருவார், பின்னால் இருந்து றீற்றா எங்களைப் பகிடி பண்ணுவா, சவிரியான் அண்ணையைச் "செபமோ?" என்று கேட்பா.

பிறகு இன்னொரு சோளகக் காலம். அண்ணைக்கும் எனக்கும் வயது போய்விட்டது. ஒரு காலை பீற்றரின் கார் மெதுவாக வந்து நின்றது. பின் கதிரையில் ஒருவரும் இல்லை. நான் கும்பிட்டுச் சிரிக்கப்போனவன், காரின் மூஞ்சியைப் பார்த்தேன். கிரில்லுக்குள்ளால் கறுப்பாக, தடிப்பாக, மினுமினுவென்று கிறீஸ் பூசியிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. பீற்றர் இறங்கவில்லை. விரல் நகங்களுக்குள் கிறீஸ் இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை அவவின்ர அடக்கம் முடிஞ்சுது அண்ணை" என்றார். "கைக்கு வேலையில்ல."

சவிரியான் அண்ணை மறுபக்கத்தால் போய்க் கதவைத் திறந்து, வெள்ளைச் சேட்டோடு பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடு பீற்றர்" என்றார்.

கார் யாழ்ப்பாணப் பக்கம் போயிற்று. நான் வாளியில் மண்ணெண்ணெய் ஊற்றி, தூரிகை இரண்டை எடுத்து வைத்துவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரைக்கும் வாசலில் இருந்தேன்.